குமட்டியல்: நூலும் உரையும்

தமிழில் எழுத்துக்கு இலக்கணம் உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உண்டு. யாப்புக்கும் அணிக்கும் தனித்தனியாக உண்டு. குதிரைக்கும் மாணிக்கத்துக்கும் பல்லி விழுகிற பலனுக்கும்கூட நூல் செய்து வைத்திருக்கிறார்கள். குமட்டலுக்கு மட்டும் எவரும் செய்யவில்லை. கிடைக்காத பொருள் என்பதால் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தோட்டத்து லயமொன்றில், கலியாணம் முடிந்து ஆறு மாதமான ஒருத்தி காலையில் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினால், அத்தனை காம்பராவிலும் உரையாசிரியர்கள் எழுந்து உட்காருகிறார்கள். உரை இத்தனை இருக்க மூலம் இல்லாமல் இருப்பது முறையன்று. ஆகவே இந்நூல்.

பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும் என்பது விதி. இந்நூல் வழங்கும் நிலத்துக்கு மேற்கே தெல்தெனிய, கிழக்கே உடுதும்பர, வடக்கே நக்கிள்ஸ் மலை, தெற்கே மகாவலிப் பள்ளத்தாக்கு. நடுவில் ஹுன்னஸ்கிரிய: கண்டி–மகியங்கனை வீதியில் ஒரு சந்தி, சில கடைகள், மீமுரேக்குப் பிரியும் பாதை, சுற்றிலும் தேயிலை. இந்த எல்லைக்குள் மெதமகாநுவரப் பக்கத்தில்தான் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒளிந்திருந்து, 1815 பெப்ரவரியில் பிடிபட்டான். அவனால் இந்நூலுக்குப் பயன் இல்லை. அவனுக்குப் பிறகு வந்த கோப்பி, கோப்பிக்குப் பிறகு வந்த தேயிலை, இரண்டுக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட சனம், அந்தச் சனத்தின் கையில் வந்து சேர்ந்த கோதுமை மா, இவையே பொருள். நூல் செய்தவர்: தண்ணீர்ப் பீலிக்கரைப் பெண்கள். உரை செய்தவன்: யான். கேட்போர்: புது மருமக்கள், அவர்களுடைய மாமிமார், நடுவில் அகப்பட்ட புருஷன்மார். பயன்: அவசரப்பட்டு வாழ்த்தாமல் இருத்தல், அவசரப்பட்டு ரொட்டியை நிறுத்தாமலும் இருத்தல்.

குமட்டல் என்ப மூவகைத் தாகும்
கருவழி கதிர்வழி தெருவழி எனவே.

என்பது முதற் சூத்திரம். கருவழியாவது பிள்ளை உண்டானதால் வருவது. கதிர்வழியாவது கோதுமைக் கதிரால் வருவது. டொக்டர்மார் இதைச் சீலியக் நோய் என்பர். தெருவழியாவது பஸ்ஸால் வருவது. மூன்றில் கடைசியை முதலில் தீர்த்துவிடலாம். சிறியதை முன்னே சொல்லிப் பெரியதைப் பின்னே சொல்வது நூல் மரபு; அப்படி ஒரு மரபு இல்லையென்றால் இன்றுமுதல் உண்டு.

தெருவழிக் குமட்டல் ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றுக்கும் பொது. தெல்தெனியவுக்கு மேல் வீதி வளையத் தொடங்கும். உடுதும்பர தாண்டி மகியங்கனைப் பக்கம் இறங்கினால் எண்ணிப் பெயர் வைத்த பதினெட்டு வளைவே இருக்கிறது. வண்டி திரும்புகிறது என்று காது சொல்ல, முன்சீட்டு அசையவில்லையே என்று கண் சொல்ல, வயிறு நடுவில் மாட்டிக்கொள்கிறது. பரிகாரம் ஜன்னலோரம், தேசிக்காய், மடியில் ஒரு சிலிசிலி பை. இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோவதால் இதற்கு உரை வேண்டியதில்லை. ஒரு விலக்கு மட்டும்: பிறந்ததிலிருந்து இந்த வீதியில் போய் வந்து பழகிய ஒருத்திக்குத் திடீரென்று பஸ் ஒத்துக்கொள்ளாமல் போனால், அந்தத் தெருவழியைக் கருவழிக்கு எழுதிய முன்னுரையாகச் சந்தேகிக்கலாம்.

இனிக் கருவழி. இலக்கண நூல்களில் சாத்தன் வருவான், கொற்றன் போவான். எடுத்துக்காட்டுக்கென்றே பிறந்த ஆண்பிள்ளைகள்; அவர்களுக்கு மசக்கை வராது. ஆனால் பழைய உரைகாரர்கள் முன்யோசனைக்காரர்கள், சாத்தி என்றும் கொற்றி என்றும் இரண்டு பெண்களையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களை ஹுன்னஸ்கிரியவுக்கு அழைத்துக்கொள்கிறேன். சாத்தி நமக்குக் கருவழி எடுத்துக்காட்டு, கொற்றி கதிர்வழி. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா, ஒரே பீலி. இருவருக்கும் குமட்டுகிறது. இருவருக்கும் வயிறு உப்புகிறது. இருவருக்கும் கொழுந்துக் கூடை முன்பு இல்லாத பாரமாக இருக்கிறது. இருவருக்கும் நாள் தள்ளிப் போயிருக்கிறது.

பீலிக்கரையில் விடியற்காலை கூடும் சபையில் நடப்பது இது.

"என்னாடி சாத்தி, மொகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா. ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல."

"ராத்திரி சாப்பாடா, போன மாசத்துச் சாப்பாடா?"

குடங்கள் குலுங்கச் சிரிப்பு. தீர்ப்பு அங்கேயே எழுதப்படும்: முழுகாம இருக்கா. மாலைக்குள் கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

சிரிக்கலாம், ஆனால் பீலிக்கரைப் புலவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நாள் தள்ளிப் போச்சா என்பது, எந்த வைத்தியசாலையிலும் கேட்கிற முதல் கேள்வி. என்ன வாசனை பிடிக்கவில்லை என்ற இரண்டாவதும் நல்ல கேள்வி. நேற்றுவரை பசியைக் கிளப்பிய வெங்காயத் தாளிப்பு இன்று வயிற்றைப் புரட்டினால் அது கரு பேசுவதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். மாங்காய் கேட்டாளா என்ற மூன்றாவது சினிமாவிலிருந்து வந்தது என்பது என் கருத்து. அவர்கள் கேட்காமல் விடுபவை மூன்று: மார்பு கனத்து நோகிறதா, அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறதா, சாப்பிட்டு எழுந்ததும் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வருகிறதா. இம்மூன்றும் கருவழிக்கே நெருக்கமான உறவினர். முதல் இருவர் கதிர்வழி வீட்டுக்கு எப்போதாவதுதான் வந்துபோவார்கள், மூன்றாம் ஆள் அங்கும் வருவதுண்டு.

கருவழிக் குமட்டலுக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. கடைசியாகத் தீட்டுப்பட்ட முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரமளவில் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தில் உச்சிக்குப் போகும், பெரும்பாலோருக்குப் பதினாறாவது வாரத்துக்குள் தணிந்துவிடும். பத்துப் பேரில் ஏழு பேருக்காவது வரும். காலைக் குமட்டல் என்று பெயர் இருந்தாலும் அது மணி பார்ப்பதில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வந்தாலும் இலக்கண வழுவன்று.

இதைத் துலக்க உலகம் பட்ட பாடு தனிப் புராணம். எகிப்தியர் 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முறை எழுதி வைத்தனர். சந்தேகத்துக்குரியவள் ஒரு பை கோதுமை மீதும் ஒரு பை பார்லி மீதும் தினமும் சிறுநீர் விடவேண்டும். முளைத்தால் பிள்ளை, பார்லி முளைத்தால் ஆண், கோதுமை முளைத்தால் பெண், எதுவும் முளைக்காவிட்டால் ஒன்றுமில்லை. 1963இல் இதைச் செய்து பார்த்தவர்கள், கர்ப்பிணிகளின் சிறுநீரில் நூற்றுக்கு எழுபது தடவை தானியம் முளைத்ததைக் கண்டார்கள். ஆணா பெண்ணா என்பது மட்டும் பொய்த்தது. கோதுமையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கருவை விசாரித்த நாகரிகம் அது. அதே கோதுமை குற்றவாளிக் கூண்டிலும் நிற்கக்கூடும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அப்புறம் 1920களின் கடைசியில் பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரை எலிக்கு ஊசிபோட்டுப் பார்த்தார்கள். எலிக்குப் பின் முயல், முயலுக்குப் பின் ஆப்பிரிக்கத் தவளை. இன்று பாமசியில் ஒரு கீற்று. இரண்டு கோடு விழுந்தால் பிள்ளை. கருப்பையில் ஒட்டிய கரு சுரக்கும் எச்சிஜி என்ற ஓமோனை அது பிடிக்கிறது. நாள் தள்ளிப்போன முதல் நாளிலிருந்தே பார்க்கலாம். ஒரு கோடு மட்டும் விழுந்தும் நாள் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, விடியற்காலை முதல் சிறுநீரில்.

கதிர்வழிக்கு இப்படித் தானே தீர்ப்புச் சொல்லும் கீற்று கிடையாது. அதனால் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து, திருகோணமலை சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரீமா போன்ற ஆலைகளில் மாவாகி, லொறியில் மலை ஏறுகிறது. மண்ணில் முளைக்காத இந்தத் தானியம் மலைநாட்டுத் தமிழனின் அன்றாடமானதற்குச் சுவை காரணமன்று. விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்படியில் பார்த்தால் காரணம் தெரியும். விறகடுப்பில் கல் காய்கிறது. மாவோடு துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். தேங்காய் விலை ஏறினால் தேங்காய் குறையும், மா குறையாது. உருண்டையை உள்ளங்கையாலேயே தட்டிக் கல்லில் போட்டு, விரல் நுனியால் திருப்பி, கடைசியில் நேரே தணலில் ஒரு புரட்டு. கருகின புள்ளிகளை ஊதிவிட்டுக் கட்டச் சம்பல் வைத்து மடித்துக் கட்டினால் மலைக்குச் சாப்பாடு தயார். கறி வேண்டாம், தட்டு வேண்டாம், மத்தியானம் வரை கெடாது. வயிற்றில் இறங்கினால் அசையாமல் கிடக்கும். ஏற்றத்தில் கொழுந்து எடுக்கிறவளுக்கு அதுதான் வேண்டும். அரசாங்கத்துக்கும் இது தெரியும். 2022 தொடக்கத்தில் நெருக்கடிக்கு நிவாரணம் அறிவித்தபோது தோட்டக் குடும்பங்களுக்கென்று எடுத்து நீட்டியது மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு. அரிசியன்று, பருப்பன்று.

அந்த மாவைப் பிசையும்போது இழுத்தால் நீள்கிற பசைதான் குளூட்டன். எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்றோடு பிறந்தவர்களில் ஒரு சிலருடைய உடம்பு, இந்தப் பசையின் துணுக்கைப் பகைவனென்று எடுத்துக்கொள்கிறது. போர் நடக்கும் இடம் சிறுகுடலின் முதற்பகுதி. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் மழுங்கித் தட்டையாகின்றன. சாப்பாடு வழக்கம்போல உள்ளே போகிறது. சத்து வழக்கம்போல ஏறுவதில்லை. கொற்றியின் சங்கடம் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை: உப்பல், பேதி அல்லது அதற்கு நேர்மாறான மலச்சிக்கல், வெளிறி நாற்றமடித்துப் பீங்கானில் ஒட்டுகிற மலம், ஆறி ஆறி வருகிற வாய்ப்புண், இளைப்பு, எலும்பு நோவு. முழங்கையிலும் முழங்காலிலும் பின்புறத்திலும் சிலருக்கு அரித்துக் கொப்புளிக்கும். அட்டை கடித்ததென்று சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். மாதவிலக்கு தப்பும், பிள்ளை தங்காமலும் போகும். இதில் எதுவுமே இல்லாமல் வெறும் இரத்தச் சோகையோடு, தடித்த உடம்போடு நடமாடுகிறவர்களும் உண்டு என்பதுதான் வகைப்படுத்துகிறவனைக் கண்ணீர் விடவைக்கும் செய்தி.

பெரிய பெரிய மேதைகளே இதில் வழுக்கியிருக்கிறார்கள். லண்டனில் சாமுவேல் கீ 1888இல் இந்நோயை நேர்த்தியாக வருணித்துவிட்டு, தீர்ந்தால் உணவால்தான் தீரும் என்று சரியாகவும் சொல்லிவிட்டு, அரிசியையும் சவ்வரிசியையும் விலக்கினார். இருபுறமும் வாட்டிய மெல்லிய பாண் துண்டை அனுமதித்தார். ஹுன்னஸ்கிரிய மாமியார் ஒருத்தி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாளோ என்று தோன்றுமளவுக்குப் பிழை. உண்மையைக் கண்டுபிடிக்கப் பஞ்சம் வரவேண்டியிருந்தது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் அற்றுப்போனபோது, மற்றக் குழந்தைகள் மெலிய, இந்நோய்க் குழந்தைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது. முன்னமே கோதுமையைச் சந்தேகித்திருந்த வில்லம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் 1950இல் அதை ஆய்வேடாக்கினார்.

இரண்டாம் சூத்திரம்:

கருவழிக் குமட்டல் நாட்காட்டி பார்க்கும்
கதிர்வழிக் குமட்டல் தட்டைப் பார்க்கும்.

கருவழி வாரக் கணக்கில் ஏறி இறங்கும், கதிர்வழி கோதுமை தின்றால் கூடும், விட்டால் குறையும் என்பது பொருள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கண்டி நகரத்தில், காலையில் இடியப்பமும் மத்தியானம் சோறும் சனிக்கிழமை இரவு மட்டும் கொத்து ரொட்டியும் தின்கிறவளுக்கு இது பயன்படவும் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏன் இப்படிப் போகிறது என்று அவள் ஒருநாள் யோசிப்பாள். லயத்தில் இந்தச் சூத்திரம் நடக்காது. காலையில் ரொட்டி, மலையில் ரொட்டி, இடையில் தேத்தண்ணியோடு ஒரு பனிஸ், இரவில் சோறோ மறுபடி ரொட்டியோ. தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தட்டில் வேறொன்று வரவேண்டும். ரொட்டி இல்லாத நாள் இருந்தால்தானே ரொட்டி நாளின் தொல்லை தனியாகத் தெரியும்? அம்மன் கோவில் திருவிழாவில் மூன்று நாள் சோறு போட்டார்கள், உடம்பு கொஞ்சம் தேவலை என்றால், ஆத்தா கண் திறந்தாள் என்பார்கள். கோதுமையை எவரும் நினைக்கமாட்டார்கள். எல்லோரும் தின்பதைத்தானே இவளும் தின்கிறாள்! நாட்காட்டியும் கைகொடுக்காது, கொற்றிக்கும் நாள் தப்பியிருக்கிறது. அடிக்கடி தப்புகிறது என்பதே அவளுக்கும் சாத்திக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் அடிக்கடி என்று தெரிவதற்கு எவளாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

இங்கே பரிகாரவியல் குறுக்கிடுகிறது. நூலிலேயே விபரீதமான பகுதி இதுதான். வயிறு புரட்டுகிறவளுக்கு நம்மூரில் என்ன கொடுப்போம்? எழுந்ததும் வெறும் வயிற்றில் கிரீம் கிரேக்கர். வாட்டிய பாண். தெம்புக்கு நெஸ்டோமோல்ட். வாய் செத்துக் கிடந்தால் வெந்நீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்த மார்மைட். சாத்திக்கு இவற்றில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த பிஸ்கட் உண்மையில் கேட்கும். மார்மைட்டுக்கு வரலாற்றுச் சான்றே உண்டு: 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், நெசவாலைக் கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகையை அது தீர்ப்பதைக் கண்டு 1931இல் எழுதினார், அதிலிருந்த மருந்துப் பொருளைத்தான் பின்னால் ஃபோலிக் அமிலமென்று அறிந்தோம், அதுதான் இன்று கிளினிக்கில் குளிசையாகக் கொடுபடுகிறது. ஆனால் கொற்றிக்கு? பிஸ்கட் கோதுமை, பாண் கோதுமை, மோல்ட் என்பது முளைவிட்ட பார்லி, மார்மைட் பியர் வடித்த ஈஸ்டிலிருந்து வருவதால் அதிலும் பார்லியின் ஒட்டுறவு. பார்லியிலும் இதே பசையின் தம்பி இருக்கிறது. மாமி அன்போடு ஆற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பையும் மருமகளின் குடலில் போய்ச் சண்டையை வளர்க்கிறது. அவளுக்கு முடியவில்லை என்று கண்டதும் மாமி இன்னும் இரண்டு கரண்டி கூட்டிப் போடுகிறாள். கொடுமைக்கார மாமியாக இருந்திருந்தால் கொற்றி தேறியிருப்பாள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷ மட்டும் சோளமும் சோயாவும் பால்மாவுமாக இருப்பது ஒரு ஆறுதல். ஆனால் அது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த சிறு பிள்ளைக்கும்தான், கொற்றி அதற்குப் பெயர் பதிய முடியாது.

அடுத்து இரும்பு. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச் சோகை நெடுநாள் குடித்தனம் செய்கிறது. இறைச்சி குறைவு, கீரை குறைவு, சாப்பாட்டோடு சாயத் தண்ணி, சில இடங்களில் கொக்கிப் புழு. சாயத்தின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே வெளிறிய முகத்தைப் பார்த்ததும் இரத்தச் சத்துக் குளிசை எழுதுவதில் தவறில்லை. சாத்திக்கு அது ஏறும். கொற்றிக்கு ஏறாது, இரும்பு உள்ளே நுழைகிற வாசல் சிறுகுடலின் முதற்பகுதி, அதுதான் இடிந்து கிடக்கிறது. அடுத்த மாதம் மிட்வைஃப் மிஸ்ஸி அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "நங்கி, குளிச போட்றதில்லதானே?" கொற்றி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பீலிக்கரையும் மிஸ்ஸியை நம்புகிறது: குளிசையைக் கோழிக்குப் போட்டிருப்பா. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: ஒழுங்காக விழுங்கியும் மாதக் கணக்கில் ஏறாத இரத்தம். அப்போது பொய் சொல்கிறாள் என்று நினைக்கும் முன் குடலை நினைக்க வேண்டும்.

அற்றன்று, ஊரிலுள்ள குமட்டலையெல்லாம் கோதுமையின் தலையில் கட்டுவதா எனின், கட்டற்க. நோய் அரிது. உலகத்தில் நூற்றுக்கு ஒருவர் என்பது பொதுக் கணக்கு. இந்தியாவில் பல பிரதேசங்களில் இரத்தம் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், வடக்கே 1.23 வீதம், தெற்கே 0.10 வீதம். மலையகத்தார் வேர் தெற்கில், தட்டு வடக்கில். இந்தக் கலப்புக்கு என்ன வீதம் வரும் என்பது சுவாரசியமான கேள்வி. எப்படியானாலும் கலியாணமானவளுக்குக் குமட்டினால் அது பிள்ளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பீலிக்கரை ஜெயிப்பது பெரும்பாலும் அதனால்தான். அதன் பிழை தீர்ப்பில் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு வழக்கை மூடிவிடுவதில் இருக்கிறது. மூன்று மாதம் கழிந்து வயிறு பெரிதாகவில்லை என்றால் கலைஞ்சிருச்சு என்று இன்னொரு தீர்ப்பு எழுதுவார்கள், அதுவும் நடந்தே இராத ஒன்றுக்கு. அந்த இரண்டாம் தீர்ப்பின் பாரத்தைக் கொற்றி தனியாகச் சுமக்கிறாள்.

ஆகவே முறை இது. மலிவானது முன்னே: கீற்று. இரண்டு கோடு என்றால் கிளினிக். இல்லையென்றால், அல்லது குமட்டல் நின்ற பின்னும் பேதியும் இளைப்பும் சோகையும் நின்றுவிடவில்லையென்றால், இரத்தம். டிடிஜி ஐஜிஏ என்று ஒரு சோதனை. அதோடு மொத்த ஐஜிஏயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஐஜிஏயே குறைவாக உள்ளவர்களுக்கு முதலாவது பொய்யாக நல்ல சேதி சொல்லும். சந்தேகம் உறுதியானால் கமரா விட்டுக் குடலில் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். கண்டிக்குப் போய்வர ஒரு பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், சில நேரம் இரண்டு பேரு. அதற்காகத்தான் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரத்தம் கொடுத்து, கமராவும் விட்டு முடியும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது. எவரோ சொன்னார்களென்று ஒரு மாதம் குரக்கன் கஞ்சி குடித்துவிட்டுப் போனால், சண்டை ஓய்ந்த களத்தில் சாட்சி இராமல் போகலாம்; சோதனை ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும், கொற்றி திரும்பி வந்து ரொட்டி தின்பாள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்தால் தனக்குத் தொல்லை இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது; அவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்கக்கூடும்.

மூன்றாம் சூத்திரம்:

இரட்டுற வரினும் இழுக்கின் றதுவே.

கருவழியும் கதிர்வழியும் ஒருத்தியிடமே சேர்ந்து வரலாம் என்றவாறு. நூலின் வகைபாட்டை இது குலைக்கிறது. என்ன செய்வது, உடம்பு நூல் பார்த்து நடப்பதில்லை. இரண்டு கோடு விழுந்ததனால் சீலியக் இல்லை என்று ஆகிவிடாது. சிலருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகுதான் அந்நோய் வெளியே தெரியவரும். தெரியாமல் இருந்தால் கரு கலைவதற்கும் குழந்தை எடை குறைவாகப் பிறப்பதற்கும் இடமுண்டு. கண்டுபிடித்துக் கோதுமையை விட்டால் அந்த ஆபத்து குறையும். கர்ப்பத்தில் இரத்தச் சோதனை செய்யலாம். கமராவைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின்னால் தள்ளிப்போடுவார்கள். இதில் விளையாட்டில்லாத ஒன்று: தண்ணீர்கூடத் தங்காமல் நாளெல்லாம் வாந்தி, நாள் தப்பியவளுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி, கூடவே இரத்தம், இவற்றுக்கு எந்த நூலையும் புரட்டாமல் வண்டி பிடிக்க வேண்டும்.

புறனடை. மூவகையில் அடங்காதவை: இரைப்பை எரிச்சல் (ஊரார் கேஸ்ட்ரிக் என்பது), குடற்புழு, தைரொயிட், கோதுமை ஒவ்வாமை (தின்ற கொஞ்ச நேரத்தில் தடித்து அரித்து மூச்சை அடைப்பது; வேறு சாதி). பழைய மருத்துவ நூல்களில் சிலோன் சோர் மவுத் என்றொரு நோய் உண்டு. நாக்குச் சிவந்து வெந்து, பேதியாகி, ஆள் உருகிப்போவது. வெப்பநாடுகளில் வெள்ளைக்காரரை விரட்டிய ஸ்ப்ரூவுக்கு நம் தீவின் பெயரையே சூட்டியிருந்தார்கள். அதிலும் சடைமுளைகள் மழுங்கும், நுணுக்குக்காட்டியில் சீலியக் போலவே தெரியும். ஆனால் கோதுமையை விட்டால் தீராது. ஃபோலிக் அமிலமும் சில மாத அன்டிபயோட்டிக்கும் கேட்கும். துரைமாருக்கு வந்தால் தீவின் பெயரில் ஒரு நோய், கூலிக்காரிக்கு வந்தால் வயிற்றாலை. வகைப்படுத்துகிறவன் யாரென்பதும் வகைபாட்டைச் சேர்ந்ததே.

இனிக் கடாவிடை ஒன்றோடு நூல் முடிகிறது. கொற்றிக்குச் சீலியக் என்றே முடிவாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாது. அவளுக்கு மலைக்கு என்ன கட்டிக் கொடுப்பது எனின், சோறு இருக்கிறது, அவித்த மரவள்ளி இருக்கிறது, காலத்துக்குப் பிலாக்காய் இருக்கிறது. ஆனால் ஒன்றும் ரொட்டியளவு மலைக்குத் தோதானதன்று. குரக்கன் ரொட்டிதான் கிட்ட வரும். அதை மாமி ரொட்டி சுட்ட அதே கல்லில் சுட்டால் பயனில்லை, தனிக் கல் வேண்டும், தனிப் பாத்திரம் வேண்டும். ஒரே அடுப்பு உள்ள காம்பராவில் விடியற்காலை நாலரைக்கு இரண்டு கல். கடையில் கட்டி விற்கும் ஆப்ப மாவிலும் கோதுமை சேர்ந்திருக்கலாம். சோயா மீட் சிலவற்றில் கோதுமை மா உண்டு, பெருங்காயத்தில்கூடப் பலதில் உண்டு. பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும், எழுத்துச் சிறிதாக இருந்தால் பிள்ளைகளை விட்டுப் படிக்க வைக்க வேண்டும். குரக்கனை மாவாக வாங்குவதைவிடத் தானியமாக வாங்கி ஊர் மில்லில் அரைப்பது உத்தமம். இந்நாட்டில் கோதுமை விளையாமல், ஆலையில் மாவான பிறகே மலை ஏறுவதால், அந்த மில்லுக்குள் கோதுமை நுழைய வழி குறைவு. விளையாத தானியத்தால் விளைந்த ஒரே நன்மை அது. என்ன, கொற்றிக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த எரிச்சலுக்கு இந்நூலில் இடமில்லை.